பதினோராம் வீட்டுக்கு வந்த மேளம்

பருத்திக்குளம் நடுத்தெருவின் தலைமாட்டில் இருக்கும் தண்ணீர்த்தொட்டியடியில், ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சத்தம் செத்துப்போனது. குழாயடியில் யார் குடம் முதல் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள், எதிராளியின் வாய் அசைவதை மட்டும் பார்த்து, தான் வைத வசவு தன் காதுக்கே வராமல், குடத்தில் விழுகிற தண்ணீரும் பஞ்சு விழுகிற மாதிரி விழுவதைக் கண்டு நாலு எட்டுத் தள்ளிப் போனார்கள். அங்கே சத்தம் இருந்தது. திரும்பி வந்தார்கள், இல்லை. சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால் வேப்பமரம் வரைக்கும் நடக்க வேண்டும் என்று தெரிந்ததும் இருவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டு வந்து அளந்துவிட்டது: குறுக்கே பத்து எட்டு, நெடுக்கே பத்து எட்டு, அதற்குள் பைக் ஹாரன் அடிக்காது, செல்போன் மணி கேட்காது, தும்மினால் மூக்கு மட்டும்தான் நடுங்கும்.

முதல் இரண்டு நாள் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்கள், மூன்றாம் நாள் சாம்பிராணி போட்டார்கள், நாலாம் நாள் பழகிப்போனார்கள். அதற்கு ஊமைவட்டம் என்று பேர் வைத்தார்கள். பிள்ளை தூங்காத தாய்மார்கள் பாயை அங்கே கொண்டுபோய் விரித்தார்கள். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். எந்த வார்த்தையையும் மூன்றாகத் துண்டாக்கித்தான் வெளியே விட முடியும் என்கிற திக்குவாய் மாடசாமி, தினமும் மத்தியானம் வட்டத்துக்குள் நின்று கைகளை ஆட்டி ஆட்டி ஒரு மணி நேரம் பேசினான். என்ன பேசினான் என்று யாருக்கும் தெரியாது, வெளியே வரும்போது முகம் மட்டும் குளித்த மாதிரி இருக்கும். புருஷன் செத்து நாலு மாதமாகக் கண்ணில் ஒரு சொட்டு விடாமல் இருந்த கனியம்மா ஒருநாள் உள்ளே போய், தலையில் அடித்துக்கொண்டு, வாய் கிழிய அழுதாள். பக்கத்தில் தூங்கின பிள்ளை ஒன்றுகூடப் புரளவில்லை.

அதே வெள்ளிக்கிழமை, அதே பத்து மணிக்கு, தெருவின் பதினோராவது வீட்டில் வெயிலுமுத்து சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் முப்பத்துநாலு வருஷம் நின்று காதை மெஷின்களுக்குத் தின்னக் கொடுத்தவர். மருமகள் ஆவுடை எதையும் மூன்று தரம் சொன்னால்தான் அவருக்கு ஒரு தரம் கேட்கும். மகன் பெங்களூரில் கட்டட மேஸ்திரி. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். அப்படிப்பட்ட காதில் கிளாரினெட் சத்தம், வெயில் விழுகிற மாதிரி சுத்தமாக விழுந்தது. பின்னாலேயே டிரம்.

"யாரு வீட்டுல கல்யாணம்?" என்றார்.

"ஆடியில யாரு மாமா கல்யாணம் வைப்பா?" என்று ஆவுடை கத்திச் சொன்னாள். "ஒரு மேளமும் கேக்கலியே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தம் வந்த திக்கில் நடந்தார். தொட்டியடிக்கு வந்தபோது பேண்டு செட்டு அவரைச் சுற்றி நின்றது. ஆள் இல்லை, கருவி இல்லை, வாசிப்பு மட்டும் இருந்தது. இடது பக்கம் கிளாரினெட், முதுகுக்குப் பின்னால் பெரிய டிரம், காலடியில் சலங்கை மாதிரி ஒரு கிலுகிலுப்பு. பாட்டு மேலே ஏறி, ஒரு வரியின் பாதியில் கத்தரித்த மாதிரி நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அது எந்த இடத்தில் அறுந்தது என்பதைக் கேட்டதும் அவருக்கு உள்ளங்கால் வேர்த்தது. அங்கேயே தொட்டியின் சிமெண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோறு பாதிச் சோறாகியது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்துத் தெருவைக் கவனித்தார். மூளை கலங்குகிறது என்று ஆவுடை பயந்து, காது டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்து, ஒரு தாளில் கீழே இறங்குகிற கோடு ஒன்றைக் காட்டி, காதருகே உரக்கச் சொன்னார். "ஐயா, மெஷின் சத்தத்துல காது தேஞ்சுபோச்சு. வெளியில இருந்து சத்தம் வரலைன்னா மூளை சும்மா இருக்காது. பழைய பாட்டு எதையாவது எடுத்து அதுவா ஓட்டும். இது பைத்தியம் இல்ல, பயப்படாதீங்க."

"மூளைக்குள்ள ஓடுத பாட்டு தெருவுல நடக்குமா டாக்டர்?"

"நடக்குமான்னா?"

"ஒரு வாரமா தொட்டிகிட்ட நின்னுச்சு. இன்னிக்கிக் காலையில கனியம்மா வீட்டு வாசலுக்கு வந்திருச்சு."

டாக்டர் ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை தரையைப் பார்த்தாள். ஊமைவட்டமும் அன்று காலையில்தான் தொட்டியடியை விட்டு நகர்ந்து, முதல் வீடான கனியம்மா வீட்டு வாசலில் போய் நின்றிருந்தது. இரண்டையும் அவள் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கேட்டாள். "மாமா, அந்த வட்டத்துக்குள்ள நின்னா உங்களுக்கு மேளமா கேக்குது?"

"ஆமா தாயி," என்று அவரும் கத்தியே சொன்னார்; தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் நடுத்தெருக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். இவர்கள் இறங்கி நடந்து வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து தெரு அவரைத் தேடி வந்தது. வட்டம் யார் வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டார் வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் நடுவில் நிறுத்தி, வெளியே கூட்டிவந்து, முகத்தையே பார்ப்பார்கள். "அண்ணாச்சி, என்ன வாசிக்கான்? நல்லதா, கெட்டதா?"

"கல்யாண மேளந்தான்," என்பார் அவர்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு தேங்காய் உடைப்பார்கள். வரன் தகையாத பெண்களைக் குளித்து முழுகி வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார்கள். ஒரு வீட்டில் பேச்சு இல்லாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக்கூட ஒரு முறை வந்துவிட்டது: வாசலில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார்கள், பால்காரர் கணக்கிலிருந்து மாமியாரின் கோபம் வரைக்கும் அதில் எழுதினார்கள், வட்டம் நகர்ந்ததும் சிலேட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். மூன்று நாள், ஆறு நாள், ஒரு வீட்டில் பத்து நாள் என்று வட்டம் நின்று நின்று வந்தது. ஒருதரம்கூடப் பின்னால் போகவில்லை. தெருவில் எல்லோரும் வெயிலுமுத்துவிடம் வந்து கேட்டார்கள், அறுபது வயதைத் தாண்டிய ஆண்களைத் தவிர. அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு அது எந்தக் கல்யாணம் என்று தெரிந்திருந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால், வெயிலுமுத்துவின் மகள் செண்பகவல்லி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஜெயசீலனைக் கட்டிக்கொண்டாள். ஜெயசீலன் மில்லில் வயர்மேன். தொழிலில் சுத்தம், பேச்சில் மரியாதை, சாதி மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம். பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்ட மறுநாள், பிள்ளை வீட்டார் ஒரு பேண்டு செட்டைப் பிடித்து, பெண்ணைப் பட்டுச்சேலையில் முன்னால் நடக்கவிட்டு, பெற்றவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கிப் போகலாம் என்று நடுத்தெருவுக்கு வந்தார்கள். பதினோராவது வீட்டு வாசலில் அவர் பெண்டாட்டி குருவம்மாள் ஆரத்தித் தட்டுடன் நின்றாள். வெயிலுமுத்து தண்ணீர்த்தொட்டியடியில் நின்றார். அவருக்குப் பின்னால் தெரு நின்றது.

"இந்த மேளம் என் வாசப்படி ஏறணும்னா, என் பொணத்தத் தாண்டித்தான் ஏறணும்," என்றார் அவர்.

அவர் கை ஓங்கவில்லை. அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. பின்னால் நின்றவர்களிடம் கம்பு இருந்தது. பாட்டு மேலே ஏறிக்கொண்டிருந்த வரியின் பாதியில் கிளாரினெட் அறுந்தது, டிரம்மின் தோல் கிழிந்தது, ஜெயசீலனின் தம்பியுடைய மணிக்கட்டு உடைந்தது. வெயிலுமுத்து அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதனால் எதையும் பார்க்கவில்லை; எல்லாவற்றையும் கேட்டார். குருவம்மாள் பொழுது சாய்கிற வரைக்கும் தட்டுடன் வாசலில் நின்று, பிறகு ஆரத்தித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே வந்தாள். அவள் வையவில்லை, அழவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் உயிரோடிருந்து, அந்த மூன்று வருஷமும் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாமல், செத்துப்போனாள்.

செண்பகவல்லி அதே ஊரில், ரெண்டு கிலோமீட்டரில், கேட்டுக்கு அந்தப் பக்கம் தையல் கடை வைத்திருந்தாள். வெயிலுமுத்து இருபது வருஷமாகக் கேட்டைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறவில்லை, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சொன்ன சொல் மாறாதவர் என்று தெருவில் அவருக்குப் பேர். தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாதே என்று அன்றைக்குத் தடுக்கப்பட்ட மகன் வீட்டில் தங்குவதைக் குறைத்துக்கொண்டு போனான், பெண்டாட்டி மண்ணுக்குள் போனாள், மில்லையும் மூடினார்கள். அவரிடம் மிஞ்சிய ஒரே உருப்படி அந்தச் சொல்.

இப்போது அந்தச் சொல்லை நோக்கி மேளம் வந்துகொண்டிருந்தது. வாசற்படி ஏறினால் பிணம். அவர் தினமும் காலையில் எழுந்து காதைத் தீட்டி, எந்த வீட்டு வாசல் என்று எண்ணினார். நாலு. ஐந்து. ஆறு.

ஏழாவது வீடு சுடலைமணியின் வீடு. அன்றைக்கு முதல் கம்பைத் தூக்கியவர் அவர்தான். இன்றைக்குத் தெருவின் நாட்டாமையும் அவர்தான். அந்த வாசலில் வட்டம் பதினெட்டு நாள் நின்றது. தெருவில் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாமல், பெண்டாட்டியை ஒரு அதட்டு அதட்ட முடியாமல், அவர் மொட்டைமாடியில் ஏறிக் கத்திப் பார்த்தார். வட்டத்துக்குப் பத்து எட்டு உயரமும் இருந்தது, அங்கேயும் குரல் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் வட்டம் எட்டாவது வீட்டுக்கு நகர்ந்ததும், நேராக வெயிலுமுத்துவிடம் வந்து, அவர் காதோரமாக உட்கார்ந்தார்.

"மச்சான், சுத்திவளைக்க மாட்டேன். இது எந்த மேளம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியும்."

"வாசலுக்கு வரட்டும். அன்னிக்கி நின்ன மாதிரி நில்லு. அதே வார்த்தையச் சொல்லு. நாங்க அத்தனை பேரும் பின்னால நிக்கோம். வந்த வழியே போயிரும்."

"என்ன வார்த்தை சொன்னேன்னு ஞாபகம் இருக்கா சுடல?"

"இல்லாம என்ன? என் பொணத்தத் தாண்டி..." சுடலைமணி பாதியில் நிறுத்திக்கொண்டார். "அது ஒரு பேச்சுக்குச் சொல்லுததுதான மச்சான்."

"பேச்சுக்குச் சொன்னதுன்னா அன்னிக்கி எதுக்கு மணிக்கட்டு ஒடஞ்சுது?" என்றார் வெயிலுமுத்து.

சுடலைமணி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. தெருவுக்குன்னு ஒரு கட்டு இருக்கு. நீ நிக்கலைன்னா நாங்க நிப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் வெயிலுமுத்து அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஆவுடை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தாயி, செண்பா நம்பர் உன்கிட்ட இருக்கும்லா," என்றார்.

அவள் கை நின்றது. ஆறு வருஷமாக அவள் நாத்தனாரிடம் ரகசியமாகப் பேசிவருவதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று அவள் கேட்கவில்லை. போனை எடுத்து நம்பரைப் போட்டாள். அவருடைய காதுக்குப் போன் எட்டாது. ஆகவே மகள் சொல்வதை மருமகள் கேட்டு, அப்படியே திரும்பக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க மாமா, லைன்ல இருக்காங்க."

"அம்மாடி, அந்த மேளம் வந்துக்கிட்டிருக்கு. எட்டாவது வீட்டுல நிக்கி. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ. வந்து கூட நின்னின்னா அது ஏறட்டும்னு விட்டுருதேன். என் உசுரு போனாலும் பரவால்ல."

ஆவுடை போனைக் காதில் வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் கத்திச் சொன்னாள். "நான் எதுக்குப்பா வரணும்? அன்னிக்கி வந்தேன். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, அம்மா வாசல்ல நிக்கதத் தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே வந்தேன். போகச் சொன்னீங்க, போயிட்டேன். என் வாசலுக்கும் உங்க வாசலுக்கும் ரெண்டு கிலோமீட்டர். இருபது வருஷத்துல அதுல உங்கள மறிச்சு ஒருத்தரும் கம்போட நிக்கல." ஆவுடை மூச்சு வாங்கினாள். "வச்சுட்டாங்க மாமா."

மருமகள் வாயிலிருந்து வந்தாலும் அது மகளின் பேச்சு. அவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முருங்கைக்கீரை உருவுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. ஆவுடையின் கண்ணீர் கீரையில் விழுவது தெரிந்தது.

ஒன்பது. பத்து. புரட்டாசிக் கடைசி வந்துவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து அனல் எழும்புகிற வெயில்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் கண் விழித்தபோது கிளாரினெட் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. எழுந்து குளித்தார். சலவை வேட்டி கட்டினார். பெட்டிச் சாவியையும் ரேஷன் அட்டையையும் ஆவுடையிடம் கொடுத்து, மகனுக்கு அவள் போன் போட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தார். வீட்டுக்குள்ளும் வட்டம் வந்துவிட்டிருந்தது, குரல் வரவில்லை. அவள் சிலேட்டை நீட்டினாள். அவர் எழுதவில்லை.

வாசலில் சுடலைமணியும் இருபது இருபத்தைந்து ஆண்களும் தெருவை அடைத்து நின்றார்கள். சிலர் கையில் கம்பு. யாரை அடிக்க என்று அவர்களுக்கே தெரியாது. கம்பில்லாமல் எப்படி நிற்பது என்றும் தெரியாது. சுடலைமணியின் வாய் திறந்து மூடியது. நில்லு மச்சான், சொல்லு மச்சான் என்று அது அசைவதை வெயிலுமுத்து பார்த்தார். பாட்டு மேலே ஏறியது, வாசற்படியின் அடியில் வந்து முட்டியது, அறுந்தது, மறுபடி தொடங்கியது. இப்படியே நின்றால் இன்னும் ஒரு தரமோ இரண்டு தரமோதான், அது படியேறிவிடும், தன் சொல் பலித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. சொல் பலித்துச் செத்தால் தெரு அவரை மாலையோடு தூக்கும். மெய்யான மனுஷன் என்று சொல்லும். அந்த மாலை அவருக்குக் கழுத்தில் ஒரு கணம் அரித்தது.

மேளம் ஏறுவதற்கு முன்னால் அவர் இறங்கினார்.

வலது காலைப் படியிலிருந்து எடுத்து வைத்தபோது நெஞ்சு நின்றுவிடும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. அடித்துக்கொண்டது. இடது காலையும் வைத்தார். கிளாரினெட் இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டது; டிரம் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அவர் செருப்பு போட மறந்து, தெருவின் தலைமாட்டைப் பார்த்து நடந்தார், மேளம் அவரோடு நடந்தது. சுடலைமணி கையைப் பிடித்தார். வெயிலுமுத்து அந்தக் கையைப் பொறுமையாக, ஒவ்வொரு விரலாக, பிரித்து எடுத்தார். அதட்ட வாயில்லாத இடத்தில் ஒரு கிழவரை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் ஆண்கள் விலகினார்கள். பின்னால் ஆவுடை வந்தாள். அவள் பின்னால் கனியம்மா. திக்குவாய் மாடசாமி. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு தாய். பிறகு, புருஷனைத் திரும்பிப் பார்க்காமல், சுடலைமணியின் பெண்டாட்டி.

அப்படிப் பருத்திக்குளம் கடைவீதி வழியாக ஊமைவட்டம் போனது. போகப் போக, டீக்கடைப் பாட்டு நின்று பிறகு தொடர்ந்தது, பஸ்ஸின் ஹாரன் பாதியில் விழுங்கப்பட்டது, காய்கறிக்காரரின் மைக் வெறும் இரும்பாயிற்று. ஜனங்கள் கடைகளிலிருந்து எட்டிப்பார்த்து, நடுத்தெருவின் வட்டம் இது என்று ஒருவருக்கொருவர் சைகை காட்டி, சாவு ஊர்வலமோ சாமி ஊர்வலமோ என்று தெரியாததால் இரண்டுக்கும் பொதுவாக எழுந்து நின்றார்கள். தார் ரோடு அவர் உள்ளங்காலைச் சுட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாற்பது பெட்டி கூட்ஸ் வண்டி, ஒரு பூனை மதில்மேல் போவதுபோல, அவர் முகத்துக்கு எதிரே சத்தமில்லாமல் போனது. அதற்குள்ளும் கிளாரினெட் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. கேட் திறந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் தண்டவாளத்தைத் தாண்டினார்.

அந்தப் பக்கத்தில் சேதி முந்திவிட்டது. நடுத்தெருக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள் என்பதுதான் சேதி. எதற்கு என்பது அதில் இல்லை. கதவுகள் மூடின. பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். தெரு முனையில் பத்துப் பதினைந்து பேர் குறுக்கே நின்றார்கள், அவர்களுக்கு முன்னால் ஜெயசீலனின் தம்பி. அவனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. இடது கையில் கடப்பாரை.

வெயிலுமுத்து நின்றார். வாய் திறந்து சொல்லலாம் என்றால் வட்டத்துக்குள் சொல் இல்லை. வட்டத்தை விட்டு வெளியே போகலாம் என்றால் அது அவரை விட்டு நகர்வதில்லை. எதைச் சொல்லி வழி கேட்பது? அன்றைக்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது, இன்றைக்கு அதுவும் இல்லை. அவர் கையைக் கூப்பியபடி நின்றார். வேர்வை கண்ணில் வழிந்தது. கூப்பிய கையைப் பிரித்து, குனிந்து, அவனுடைய கோணல் மணிக்கட்டை இரண்டு கையாலும் தொட்டார். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கடப்பாரை உயர்ந்தது. ஆவுடை முன்னால் வரப் பார்த்தாள். கனியம்மா அவள் சேலையைப் பிடித்தாள். அவன் கிழவரின் காலைப் பார்த்தான். கொப்புளம் உடைந்து தாரில் ஈரம் பட்டிருந்தது. நடந்து வந்த தூரத்துக்கு அது புள்ளி புள்ளியாகப் பின்னால் தெரிந்தது. அவன் மன்னித்த முகம் எதையும் காட்டவில்லை. கடப்பாரையைத் தரையில் ஊன்றி, ஒரு எட்டு ஒதுங்கினான். ஒருவர் நுழைகிற அளவுதான் இடம் கொடுத்தான்.

வெயிலுமுத்து மட்டும் நுழைந்தார். மற்றவர்கள் அங்கேயே நின்றார்கள்.

தையல் கடையும் வீடும் ஒன்றுதான். செண்பகவல்லி வாசலில் வந்து நின்றிருந்தாள். நாற்பத்துநாலு வயதில் அச்சாகத் தாயைப் போலிருந்தாள். அதே நெற்றி, அதே மாதிரி இடுப்பில் கை. அவள் பின்னால் நரைத்த தலையோடு ஜெயசீலன். வெயிலுமுத்து படிக்கு அப்பால் நின்றார். பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண் அவர் மேல் இல்லை, அவருக்கு இடது பக்கம், கிளாரினெட் இருந்த இடத்தில் இருந்தது. அவள் விரல் கதவு நிலையில் தாளம் தட்டியது, டிரம் விழுகிற இடத்திலெல்லாம் சரியாக. அவளுக்கும் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

பாட்டு அறுகிற வரிக்கு வந்தது. அறவில்லை. மிச்சப் பாதி, இருபது வருஷமாக யாரும் கேளாத பாதி, எழும்பி வளைந்து வீட்டு ஓட்டின்மேல் ஏறி இறங்கியது. நல்ல பாட்டுதான். கொஞ்சம் சாதாரணமான பாட்டும்கூட. எந்தக் கல்யாணத்திலும் வாசிக்கிற பாட்டு. டிரம் மூன்று அடி அடித்து முடித்தது.

எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். வெயிலுமுத்துவின் காதில் அவையெல்லாம் பழையபடி பஞ்சுக்கு அப்பால் போயின. ஜெயசீலன் முன்னால் வந்து, குனிந்து அவர் காதருகே, "உள்ள வாங்க மாமா," என்றான்.

அந்த முறையைச் சொல்லி அவன் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் காலெடுத்தார்.

"அவரு கூப்பிடுதாரு," என்றாள் செண்பகவல்லி, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்க. "நான் இன்னும் கூப்பிடல."

வெயிலுமுத்து எடுத்த காலைப் பின்னால் வைத்தார். "சரிதான் தாயி," என்றார். கடைக்கு வெளியே, துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற பலகை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தார். சாயங்காலம் ஆவுடை வந்து அழைத்துப்போனாள்.

ஊமைவட்டம் அதற்குப் பிறகு நடுத்தெருவுக்கு வரவில்லை. கொஞ்ச நாள் பிள்ளைகள் தூங்காமல் தாய்மார்களைப் படுத்தின. கனியம்மா இப்போது வீட்டுக்குள்ளேயே சத்தம்போட்டு அழுதாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை. சொன்ன சொல் தவறினவன் என்று வெயிலுமுத்துவிடம் சுடலைமணி பேசுவதை நிறுத்திக்கொண்டார், காது கேளாததால் அவருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

அவர் மறுநாளும் போனார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, குடை பிடிக்காமல், கேட்டைத் தாண்டி நடந்தே போனார். பலகையில் உட்கார்ந்தார். ஜாக்கெட்டு தைக்க வந்த பெண்கள் யாரிவர் என்று கேட்டால் செண்பகவல்லி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க அப்பா," என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். மத்தியானம் தட்டில் சோறு வரும், ஜெயசீலன் கொண்டுவந்து வைப்பான். தம்பிக்காரன் அந்த வழியாகப் போகும்போது அவரைப் பார்க்காமல் போவான். ஐந்தாம் நாளிலிருந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஒன்பதாம் நாள் ஐப்பசி பிறந்து முதல் மழை வந்தது. கருக்கல் கட்டி, காற்றுத் தூக்கி, தகரத்தில் ஆணி கொட்டுகிற மாதிரி கொட்டியது. பலகைக்கு மேலே கூரை இல்லை. வெயிலுமுத்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். தெருவில் எல்லோரும் ஓடினார்கள். மெஷின் நின்றது. செண்பகவல்லி கதவு நிலையில் வந்து நின்று, மழையையும் அவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா," என்றாள்.

மழைச் சத்தத்தில், அந்தக் காதுக்கு, கேட்டிருக்க வழியில்லை. அவர் திரும்பினார்.

"நனையாதீங்க. உள்ள வாங்க."

அவர் எழுந்து, செருப்பைக் கழற்றி, பலகைக்கு அடியில் மழை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, அவள் வாசற்படியில் காலை வைத்தார்.